ஓட்டத்தை நிறுத்தும் கணக்கு: டாம் அண்ட் ஜெர்ரி துரத்தல் கார்ட்டூன்கள் உருவான விதம்

பூனை எலியைத் துரத்துகிறது, எலி தப்பித்துவிடுகிறது. டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களில் பெரும்பாலானவற்றின் கதையை இதற்கு மேல் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா ஆகிய இருவரும் ஹாலிவுட் படநிறுவனமான எம்ஜிஎம்மின் கார்ட்டூன் பிரிவில் 1940 முதல் 1958 வரை வெளியான இத்தகைய 114 குறும்படங்களை இயக்கினார்கள். முடிவு என்னவென்று முன்கூட்டியே தெரிந்த ஒரு கதையை இத்தனை முறை சொல்லியும் பார்வையாளர் சலிக்காமல் சிரித்தார் என்றால், அந்தச் சிரிப்பு கதையிலிருந்து வரவில்லை என்பது வெளிப்படை. அடியிலிருந்தும் உதையிலிருந்தும் வந்தது என்று சொல்வதும் பாதி உண்மைதான். அடி விழுவதற்கு முன்னால் படம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, விழுந்த பிறகு எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது என்ற கணக்கில்தான் சிரிப்பின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கை எவ்வாறு போட்டார்கள், அதற்காக ஒரு கூடம் நிறைய ஆட்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதை, அனிமேஷன் பற்றி எதுவும் அறியாத வாசகருக்கும் புரியும்படி இங்கே விளக்க முயல்கிறேன்.

இந்தத் தொடரின் முதல் படம் 1940 பிப்ரவரியில் வெளிவந்த 'புஸ் கெட்ஸ் த பூட்'. அதில் பூனையின் பெயர் டாம் அல்ல, ஜாஸ்பர். எலியைப் படத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. படத்தின் தொடக்கத்தில் பூனைதான் எல்லா வகையிலும் மேலாதிக்கம் செலுத்துகிறது. எலியின் வாலைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறது. சுவரில் மையால் ஒரு பொய்யான வளையை வரைந்து வைத்து, எலி அதில் மோதி மயங்கி விழுவதை ரசிக்கிறது. பிறகு துரத்தும் வேகத்தில் பூனை ஒரு பூந்தொட்டியை உடைத்துவிட, இன்னும் ஒரு பொருள் உடைந்தால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான் என்று வீட்டுப் பணிப்பெண் எச்சரித்துவிடுகிறார். இந்த எச்சரிக்கை எலியின் காதிலும் விழுகிறது. அடுத்த முறை பூனை பாயும்போது எலி ஓடவில்லை. மேசையின் விளிம்பில் நின்று, ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கீழே போடுவதுபோலக் கையில் ஏந்திக் காட்டுகிறது. பூனை அப்படியே உறைந்து நிற்கிறது.

துரத்தல் கார்ட்டூனின் அடிப்படைத் தத்துவம் முழுவதும் அந்த ஒரு நிலையில் இருக்கிறது. வலிமை உடைய பாத்திரம் ஒரு நிபந்தனையால் கட்டப்பட்டிருக்க வேண்டும்; வலிமையற்ற பாத்திரம் அந்த நிபந்தனையைக் கண்டுபிடித்துப் பயன்படுத்த வேண்டும். நிபந்தனை மிக எளியதாக, சொல்லின்றியே புரிவதாக இருக்க வேண்டும்: சத்தம் வரக் கூடாது, எதுவும் உடையக் கூடாது, தூங்குகிற நாய் விழிக்கக் கூடாது. இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஹன்னாவும் பார்பெராவும் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. முதல் படத்தில் பூனை தரை முழுவதும் தலையணைகளைப் பரப்பி வைத்து நிபந்தனையை முறியடிக்கப் பார்க்கிறது. எலியோ தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வீசிப் பூனையின் இரண்டு கைகளையும் நிரப்பிவிடுகிறது. கை நிறையத் தட்டுகளுடன் நிற்கும் பூனையால் எலியைத் தொடக்கூட முடிவதில்லை. இறுதியில் தட்டுகள் எல்லாம் நொறுங்கி, பூனை வெளியே தள்ளப்படுகிறது.

இந்தப் படம் தயாரானபோது எம்ஜிஎம் அதிகாரிகளுக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் இருக்கவில்லை. பூனையும் எலியும் அதற்கு முன்பே எத்தனையோ கார்ட்டூன்களில் வந்து போயிருந்தன. படம் வெளியான பிறகு ஹன்னாவையும் பார்பெராவையும் வேறு பாத்திரங்களை வைத்துப் படம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் பார்வையாளருக்குப் படம் பிடித்திருந்தது. ஆஸ்கர் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அந்த ஆண்டு விருதை வென்றது அதே எம்ஜிஎம் கார்ட்டூன் பிரிவில் ருடால்ஃப் ஐசிங் உருவாக்கிய 'த மில்கி வே'. 'புஸ் கெட்ஸ் த பூட்' படத்தின் பெயர்ப் பலகையில் இருந்ததும் ஐசிங்கின் பெயர்தான். உண்மையில் இயக்கிய இருவரின் பெயர்களும் அதில் இடம்பெறவில்லை. 1941இல் வந்த 'த மிட்நைட் ஸ்னாக்' படத்திலிருந்துதான் டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் வழக்கத்துக்கு வந்தன. பார்பெரா தம் இளவயதில் வேலை செய்த நியூயார்க்கின் வான் ப்யூரன் நிறுவனமும் டாம் அண்ட் ஜெர்ரி என்ற பெயரிலேயே 1930களின் தொடக்கத்தில் ஒரு கார்ட்டூன் தொடரை வெளியிட்டது. அதில் வந்தவர்கள் நெட்டையும் குட்டையுமான இரண்டு மனிதர்கள். பெயரைப் பொறுத்தவரை கார்ட்டூன் உலகில் யாரும் அதிகம் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். திரைப்படச் சுருள் ஒரு விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள், என்ற வேகத்தில் ஓடுகிறது. நடிகர்கள் நடிக்கும் படத்தில் இந்த எண்ணைப் பற்றி இயக்குநர் கவலைப்பட வேண்டியதில்லை. நடிகர் கையை எவ்வளவு வேகமாக ஓங்குகிறாரோ அவ்வளவு வேகமாகவே அது படத்தில் பதிவாகும். கார்ட்டூனிலோ ஒவ்வொரு பிரேமிலும் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒருவர் முன்னதாகவே தீர்மானித்தாக வேண்டும், ஏனெனில் வரையப்படாத எதுவும் அங்கே நிகழாது. ஏழு நிமிடப் படம் என்றால் 10,080 பிரேம்கள். வழக்கமான அசைவுகளுக்கு ஓர் ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்கு வைத்துப் படம்பிடித்தாலே கண்ணுக்குப் போதுமானதாக இருக்கும். அப்படியானாலும் படம் முழுவதும் திரையில் இருக்கும் ஒரு பாத்திரத்துக்கு மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள் தேவைப்படும். வேகமான ஓட்டத்துக்கு இரண்டு பிரேம் கணக்கு போதாது. அங்கே ஒவ்வொரு பிரேமுக்கும் தனி ஓவியம் வேண்டும். துரத்தல் படம் என்றாலே செலவு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாம் ஒரு வாணலியை ஓங்கி ஜெர்ரியை அடிக்க வருவதாக ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். கை நேராக முன்னால் வந்தால் பார்வையாளரின் கண் அதைத் தவறவிட்டுவிடும். எனவே கை முதலில் எதிர்த்திசையில், பின்னால் போகிறது. உடலும் அதனுடன் வளைகிறது. இதற்கு எட்டு பிரேம்கள் கொடுக்கலாம். உச்சத்தில் கை நிற்கிறது. அங்கே ஒரு பன்னிரண்டு பிரேம், அதாவது அரை விநாடி. பார்வையாளர் 'இதோ விழப்போகிறது' என்று நினைப்பதற்கான அவகாசம் அதுதான். அடி இறங்குவதற்கு மூன்று பிரேம் போதும். அவற்றில் ஒன்றில் கையும் வாணலியும் தெளிவான உருவமே இல்லாமல் ஒரு வண்ணத் தீற்றலாக இழுக்கப்பட்டிருக்கும். மோதும் பிரேமில் வாணலிக்கு அடியில் இருக்கும் உடல் தட்டையாக நசுங்கும், அடுத்ததில் எதிர்த்திசையில் நீண்டு துள்ளும். அதன் பிறகு மீண்டும் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான், அடிபட்டது ஜெர்ரி அல்ல, டாமின் வால் என்பதை டாமும் நாமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுகொள்கிறோம். இங்கே நான் கொடுத்த எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவை; ஆனால் இந்த விகிதம், அதாவது நீண்ட ஆயத்தம், மிகக் குறுகிய செயல், நீண்ட எதிர்வினை என்ற அமைப்பு, இந்தப் படங்களில் எதை எடுத்துப் பார்த்தாலும் தென்படும். கணினியில் படத்தை நிறுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்க்கும் வசதி உள்ளவர்கள் பத்து நிமிடம் செலவிட்டால் இதைத் தாங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அரை விநாடி நிறுத்தத்தை ஒரு விநாடியாக்கினால் காட்சி தொய்ந்துவிடும். கால் விநாடியாகக் குறைத்தால் அடி திடுக்கிட வைக்குமே தவிரச் சிரிக்க வைக்காது. கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் கோர்வை சுற்றி வளைத்து வந்து எடுப்பில் சரியாக விழும்போது கேட்பவர் கை தன்னையறியாமல் தொடையைத் தட்டுவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான்: எதிர்பார்ப்பு எங்கே முடிய வேண்டும் என்பதை முன்பே எண்ணி வைத்திருக்கிறார்கள்.

ஹன்னாவுக்கும் பார்பெராவுக்கும் இடையிலான வேலைப் பங்கீடு இந்த இடத்தில் முக்கியமாகிறது. பார்பெரா தேர்ந்த ஓவியர், வேகமாக வரையக்கூடியவர், நகைச்சுவைத் துணுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு ஓவியங்களாக வரைந்து சுவரில் குத்தி, ஸ்டோரிபோர்டாக அடுக்குவார். ஒவ்வொரு காட்சியிலும் பாத்திரத்தின் முகம் எப்படி இருக்க வேண்டும், உடல் எப்படி வளைய வேண்டும் என்பதும் அவருடைய ஓவியங்களிலேயே தெளிவாக இருக்கும். ஹன்னா அந்த அளவுக்கு வரைபவர் அல்லர். அவர் இசை தெரிந்தவர். 1930இல் ஹார்மன்-ஐசிங் கார்ட்டூன் நிறுவனத்தில் சேர்ந்த காலத்திலிருந்தே பாடல்கள் எழுதிப் பழகியவர். அவர் பார்பெராவின் ஓவியங்களை எடுத்துக்கொண்டு, எந்த அசைவுக்கு எத்தனை பிரேம் என்று தாளில் குறித்துத் தருவார். படத்தின் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு வரி ஒதுக்கப்பட்ட இந்த நேரப் பட்டியலில், எந்த ஓவியம் எந்த வரியில் வர வேண்டும், எந்த ஒலி எங்கே விழ வேண்டும், கேமரா எப்போது நகர வேண்டும் என்பதெல்லாம் இடம்பெறும். ஒருவரிடம் நகைச்சுவையின் உருவமும் மற்றவரிடம் அதன் கால அளவும் இருந்தன. இந்தத் தொடரை இயக்கிய இருவரில் யார் பெரியவர் என்ற விவாதம் ரசிகர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. என் பார்வையில் பார்பெராவின் முகபாவங்கள் இல்லாமல் இந்தப் படங்கள் வறண்டிருக்கும், ஹன்னாவின் கணக்கு இல்லாமல் அவை ஓடியே இருக்காது.

நேரப் பட்டியல் கைக்கு வந்ததும் அனிமேட்டர்கள் வேலையைத் தொடங்குவார்கள். கென்னத் மியூஸ், இர்வென் ஸ்பென்ஸ், எட் பார்ஜ், ரே பேட்டர்சன் போன்றவர்கள் 1940களில் இக்குழுவின் தூண்களாக இருந்தார்கள். அவர்கள் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார்கள். இடைப்பட்ட நிலைகளை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். பழகிய கண்ணுக்கு ஒவ்வொருவரின் கையும் தனித்துத் தெரியும். ஸ்பென்ஸ் வரைந்த டாம் அதிகம் துள்ளுவான், அவனது பற்களும் கைகால்களும் கட்டுக்கடங்காமல் போகும். மியூஸ் வரைந்த டாம் உருவம் குலையாமல், ஒழுங்காக நடிப்பான். பென்சில் ஓவியங்கள் பின்னர் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாள்களுக்கு மாற்றப்பட்டன. தாளின் முன்பக்கத்தில் மையால் கோடும் பின்பக்கத்தில் வண்ணமும் தீட்டப்பட்டன. பின்பக்கத்தில் தீட்டுவதால் தூரிகைத் தடம் முன்னால் தெரியாது. அக்கால அமெரிக்க ஸ்டுடியோக்களில் இந்த நுண்ணிய வேலையைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் மிகச் சிலரின் பெயரே திரையில் வந்தது. பின்னணி தனி ஓவியமாக இருக்கும். அதன்மேல் டாமுக்கு ஒரு தாள், ஜெர்ரிக்கு ஒரு தாள் என்று அடுக்கி, கண்ணாடியால் அழுத்தி, மேலிருந்து பார்க்கும் கேமராவால் ஒவ்வொரு பிரேமாகப் படம்பிடித்தார்கள். நீண்ட ஓட்டங்களில் ஓடுகிறவர்கள் திரையின் நடுவிலேயே இருக்க, பின்னணி ஓவியம்தான் பக்கவாட்டில் நகர்த்தப்பட்டது.

பின்னணிகளில் ஒரு விஷயம் எளிதில் கவனத்துக்கு வராது. காட்சியின் கண் மட்டம் பெரும்பாலும் தரைக்கு அருகிலேயே இருக்கிறது. நாற்காலியின் கால்கள் தூண்கள் போல நிற்கின்றன. கதவின் கைப்பிடி எங்கோ உயரத்தில் இருக்கிறது. அந்த வீட்டை நாம் எலியின் உயரத்திலிருந்து பார்ப்பதால், மனிதர்கள் வரும்போது இடுப்புக்குக் கீழ்ப்பகுதி மட்டுமே பெரும்பாலும் தெரிகிறது. லில்லியன் ராண்டால்ஃப் குரல் கொடுத்த அந்தக் கறுப்பினப் பணிப்பெண்ணின் முகம் ஏறக்குறைய காட்டப்படாமலே போனதற்கு இந்த உத்தியும் ஒரு காரணம். ஆனால் உத்தியைக் காட்டி மற்றதை மறைத்துவிட முடியாது. அந்தப் பாத்திரத்தின் பேச்சும் தோற்றமும் அன்றைய அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களைப் பற்றி நிலவிய இழிவான வார்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 1952க்குப் பிறகு அந்தப் பாத்திரம் புதிய படங்களில் வரவில்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் குரலும் உருவமும் மாற்றப்பட்டன.

டாமும் ஜெர்ரியும் பெரும்பாலும் பேசாத இந்தப் படங்களில் பேச்சின் இடத்தை எடுத்துக்கொண்டது ஸ்காட் பிராட்லியின் இசை. இசைக்கும் பிரேம் கணக்கே அடிப்படை. ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு பிரேம் என்று வைத்தால் விநாடிக்கு இரண்டு தட்டு, நிமிடத்துக்கு 120. எட்டு பிரேம் என்று குறைத்தால் நிமிடத்துக்கு 180. பதிவின்போது இசைக்குழுவினருக்குக் காதொலிப்பானில் இந்தத் தட்டு சீராகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பின்பற்றி வாசித்தால் பத்தாவது நிமிடத்திலும் இசை ஒரு பிரேம்கூட விலகாது. டாம் பதுங்கி நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஸ்வரம் விழுவது இவ்வாறுதான் சாத்தியமாயிற்று. அசைவை அப்படியே இசையால் நகல் எடுக்கும் இந்த முறையை அக்காலத்துத் திரையிசைக் கலைஞர்கள் மிக்கி மவுசிங் என்று சற்று ஏளனமாகவே அழைத்தார்கள். பிராட்லி அதை ஏளனத்துக்குரிய வேலையாகச் செய்யவில்லை. 1944இல் வந்த 'புட்டின் ஆன் த டாக்' படத்தில், நாய்த் தலை ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு ஜெர்ரி ஓடும் காட்சிக்கு, இசையமைப்பாளர் அர்னால்ட் ஷேன்பெர்க் உருவாக்கிய, எந்த ஸ்வரத்துக்கும் முதன்மை தராமல் பன்னிரண்டையும் சமமாகக் கையாளும் பன்னிரு ஸ்வர முறையைப் பயன்படுத்தினார். கச்சேரி அரங்குகளில் ரசிகர்கள் முகம் சுளித்த ஓர் இசைமுறையை, வாரக் கடைசியில் படம் பார்க்க வந்த குடும்பங்கள் எந்த முறைப்பாடுமின்றிக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயின. டாமின் புகழ்பெற்ற அலறல் இசைக்குழுவிலிருந்து வந்ததல்ல. அது ஹன்னாவின் சொந்தக் குரல்.

வழக்கமாக இசை படத்தைப் பின்தொடரும். 1947இல் வெளியான 'த கேட் கான்செர்ட்டோ' படத்தில் இந்த வரிசை தலைகீழாயிற்று. இசையமைப்பாளர் லிஸ்டின் 'இரண்டாம் ஹங்கேரியன் ராப்சடி' என்ற பியானோ படைப்பை மேடையில் டாம் பியானோவில் வாசிக்கிறான். பியானோவுக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி அந்த அதிர்வில் விழித்துக்கொள்கிறான். இங்கே இசை முதலிலேயே பதிவுசெய்யப்பட்டு, அனிமேட்டர்கள் அதற்கு வரைந்தார்கள். டாமின் விரல்கள் எந்தக் கட்டையில் விழுகின்றன என்பதில்கூட மிகுந்த கவனம் தெரிகிறது. இங்கே நிபந்தனை மிக நயமானது: என்ன நேர்ந்தாலும் கச்சேரி நின்றுவிடக் கூடாது. விரல் நசுங்கினாலும், இருக்கை பறிபோனாலும், டாம் அவையோர் முன்னால் கம்பீரத்தைக் காட்டிக்கொண்டு வாசித்தே ஆக வேண்டும். இங்கே துரத்தல் என்பது ஒரு பியானோவின் நீளத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆனாலும் தொடரின் மிக இறுக்கமான துரத்தல் இதுதான் என்பது என் கருத்து. ஆஸ்கர் வென்ற ஏழு டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் இதுவும் ஒன்று. அதே இசையை வைத்து, பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயல் வாசிப்பதாக வார்னர் பிரதர்ஸ் எடுத்த 'ராப்சடி ராபிட்' ஏறக்குறைய அதே காலத்தில் வெளிவந்ததால், யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற சர்ச்சை எழுந்தது. அது இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

முதல் படத்தையும் 1940களின் நடுப்பகுதிப் படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேகம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பது உடனே தெரியும். 'புஸ் கெட்ஸ் த பூட்' ஏறக்குறைய ஒன்பது நிமிடம் நிதானமாக நகர்கிறது; பூனையின் உடலில் ஒவ்வொரு மயிர்க்கற்றையும் அக்கறையாக வரையப்பட்டிருக்கிறது. 1941இல் கார்ட்டூன் இயக்குநர் டெக்ஸ் ஏவரி எம்ஜிஎம்மில் சேர்ந்து, அதே கட்டடத்தில் அசுர வேகப் படங்களை எடுக்கத் தொடங்கியதும் மற்றவர்களும் தங்கள் பிரேம் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதாயிற்று. டாமின் உருவமும் அதற்கேற்ப எளிமையானது, ஏனென்றால் மூன்று பிரேமில் கடந்து போகும் உடலுக்கு அத்தனை மயிர்க்கற்றை தேவையில்லை. ஆனால் ஏவரியின் வேகத்தை எடுத்துக்கொண்ட ஹன்னா, நிறுத்தங்களைக் கைவிடவில்லை.

1957இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. பழைய படங்களை மறுபடியும் திரையிட்டாலே புதிய படங்களுக்கு நெருக்கமான வருமானம் கிடைத்தபோது, புதிதாக எடுப்பதற்கு நிர்வாகம் காரணம் காணவில்லை. ஹன்னாவும் பார்பெராவும் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அங்கே கிடைத்த பணத்தில் பழைய அளவு ஓவியங்களை வரைய வழியில்லை. உடல் அசையாமல் நிற்க வாய் மட்டும் அசைந்தது; ஓடும்போது அதே பின்னணி திரும்பத் திரும்ப வந்தது; நகைச்சுவை அசைவிலிருந்து வசனத்துக்கு இடம்பெயர்ந்தது. டாமும் ஜெர்ரியும் 1961இல் பிராகு நகரில் இயக்குநர் ஜீன் டைச்சின் குழுவிடமும், பிறகு மற்றோர் இயக்குநரான சக் ஜோன்ஸிடமும் போனார்கள். டைச்சின் பதின்மூன்று படங்களில் பாத்திரங்கள் அதே பாத்திரங்கள், அடிகளும் அதே அளவுக்குப் பலமானவை. ஆனால் பணமும் அவகாசமும் குறைவாக இருந்ததால், ஓங்கிய கை எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று உட்கார்ந்து எண்ணுவதற்கு அங்கே பழைய அளவில் வாய்ப்பு இருக்கவில்லை. டாமுக்கு உண்மையிலேயே வலிக்கிறது என்ற எண்ணம் அந்தப் படங்களைப் பார்க்கும்போதுதான் பலருக்கு முதன்முதலாக வருகிறது.